பயணி ஐயா கல்லறையில் புதுக் குடித்தனம்

அந்தக் கல்லறைத் தோட்டத்தின் காவல்காரியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சூ அக்கா என்றால்தான் தெரியும். காலையில் கேட்டைத் திறந்ததிலிருந்து மாலையில் பூட்டும்வரை தோட்டத்தின் ஏதாவது ஒரு மூலையிலிருந்து அவள் சத்தம் வந்துகொண்டே இருக்கும். "சூ! ஏய், சூ! போ அந்தப் பக்கம்!" காக்காயோ புறாவோ குருவியோ, கல்லின்மேல் வந்து உட்கார்ந்தால் போதும், எங்கிருந்துதான் அவளுக்கு மூக்கில் வேர்க்குமோ, கையில் துடைப்பத்தோடு வந்து நிற்பாள்.

"இத்தனை மரம் வச்சிருக்கு. அத்தனையும் விட்டுட்டு செத்தவங்க தலையிலதான் வந்து உட்காரணுமா? உட்கார்ந்தா சும்மாவா இருக்குதுங்க?" என்று கல்லறை பார்க்க வருபவர்களிடம் நியாயம் கேட்பாள். வந்தவர்கள் துக்கத்தை மறந்து சிரித்துவிடுவார்கள்.

பறவை எச்சம் கல்லைத் தின்றுவிடும் என்பது அவளுக்குத் தெரியும். உடனே துடைத்தால் தப்பிக்கும், காய விட்டால் கறை. ஒரு வாளி வெறும் தண்ணீர், மெத்தென்ற பிரஷ், சுரண்டுவதற்கு ஒரு மரச்சில்லு. எழுத்து வெட்டிய இடத்துக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ். பழையது என்பது அவள் சொல்வது. அவள் புருஷனைக் கேட்டால் வேறு கதை வரும். அவர் பஸ் டிரைவர். காலை முதல் ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் குழாயடியில் நின்று கத்துவார்.

"ஏம்மா, என் பிரஷ் எங்க?"

"அதுவா, நீதிபதி கல்லறையில இருக்கு."

"நேத்துதானே வாங்கினேன்!"

"அவரு பேரு ரொம்ப நீளங்க. பழைய பிரஷ் தாங்கலை."

சூ அக்கா இந்த வேலைக்கு வந்தது தற்செயலாக. அதற்கு முன் ஒரு லாட்ஜில் அறை கூட்டினாள். அதற்கும் முன் ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைத்தாள். பிறந்ததிலிருந்தே வாடகை வீட்டிலிருந்து வாடகை வீட்டுக்கு மாறிக்கொண்டிருந்தவள் அவள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் வீட்டுப் படம் வரையச் சொன்னபோது "எந்த வீடு டீச்சர்?" என்று கேட்டவள். கல்யாணமாகி ஊர் விட்டு ஊர் வந்த பிறகும் அந்த ராசி விடவில்லை. வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம், காலி பண்ணு. கூரை ஒழுகுது, காலி பண்ணு. சாமான் கட்டுவதில் அவளுக்கு இணை கிடையாது. எந்தப் பாத்திரத்துக்குள் எந்தப் பாத்திரம் அடங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வாள்.

பழைய காவல்காரர் வேலையை விட்டுப் போனபோது, தோட்டத்தைப் பராமரிக்கும் நினைவுச் சங்கத்தார், கூட்டிப் பெருக்க வந்துகொண்டிருந்த அவளிடமே சாவியைக் கொடுத்தார்கள். கேட்டை ஒட்டிய இரண்டு அறை வீடும் கூடவே வந்தது. சமையலறையில் ஒருவர் நின்றால் இன்னொருவர் வெளியே நின்றுதான் பேச வேண்டும். ஆனாலும் மூன்று பேருக்கு அது போதும்: அவள், டிரைவர், டிரைவரின் தங்கை. தங்கை தையல்காரி. ஜன்னலோரம் மிஷினைப் போட்டுக்கொண்டு, பெடலோடு வாயும் ஓட உட்கார்ந்திருப்பாள்.

வீடு வந்தது, ஆனால் ஒரு சொல்லும் கூடவே வந்தது. தற்காலிகம். சங்கத்துச் செயலாளர் யாரிடமாவது அவளை அறிமுகப்படுத்தும்போதெல்லாம் "இவங்க நம்ம தற்காலிகக் காவலாளி" என்பார். நல்ல மனிதர், கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தச் சொல்லையும் விடாமல் சொல்வது அவர் பழக்கம். அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் சூ அக்காவின் மனதில் ஓர் அட்டைப்பெட்டி திறந்துகொள்ளும்.

அதனால் அந்த வீட்டுச் சுவரில் ஓர் ஆணிகூட இல்லை. கல்யாணப் போட்டோ தரையில் சாய்ந்து நின்றது. கடிகாரம் அலமாரித் தட்டில் மல்லாந்து படுத்து மணி காட்டியது. முகம் பார்க்கும் கண்ணாடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. டிரைவர் தினமும் முழங்காலை மடித்துக் குனிந்துதான் சவரம் செய்வார்.

"ஒரே ஒரு ஆணிம்மா. என் இடுப்பு போகுது."

"அடிச்சா ஓட்டை விழும். காலி பண்ணும்போது யாரு அடைக்கிறது? நிரந்தரம்னு சொல்லட்டும், அப்புறம் எத்தனை வேணும்னாலும் அடிங்க."

அந்தத் தோட்டத்தில் நீதிபதி, கப்பல் தலைவர், பல் டாக்டர் என்று யார் யாரோ படுத்திருந்தாலும், வெளியூர்க்காரர்கள் தேடி வருவது ஒருவரைத்தான். அவர் இயற்கை ஆய்வாளர். எங்கோ தூர தேசத்திலிருந்து கப்பலேறி வந்தவர். வரைபடமே இல்லாத மலைகளில் நடந்து வரைபடம் போட்டார். செடி கொடிகளைக் காயவைத்துத் தாளில் ஒட்டினார். நூற்றுக்கணக்கான பறவைகளை இறகு இறகாக வரைந்தார். இந்த ஊரில் சில நாள் தங்கிவிட்டு அடுத்த காட்டுக்குப் போவதாக இருந்தவரைக் காய்ச்சல் பிடித்தது. அப்புறம் எங்கும் போகவில்லை. சூ அக்கா அவரைப் பயணி ஐயா என்பாள். "நாலு நாள்னு வந்தவரு. அவருதான் நம்ம தோட்டத்துலயே நிரந்தரம்" என்று அவர் கல்லைத் துடைக்கும்போது லேசாகப் பொறாமைப்பட்டுக்கொள்வாள்.

அவருடைய கல்லறை கேட்டு வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. ஆள் உயரக் கல். வருஷக்கணக்காக ஒரு பக்கம் சாய்ந்து, எழுத்தெல்லாம் மழுங்கிப் போயிருந்தது. சங்கத்தார் அங்கே இங்கே கேட்டு நிதி சேர்த்து, ஒரு கல்தச்சரை வைத்து நிமிர்த்தினார்கள். எழுத்தையும் திரும்ப வெட்டியாயிற்று. பயணி ஐயாவின் கொள்ளுப்பேத்தி, வயதான அம்மாள், இதற்காகவே விமானத்தில் வருகிறார். திரையை இழுத்துத் திறந்து வைப்பது அவர்தான். பள்ளிக்கூடத்து பேண்டு வாத்தியம், மைக், செயலாளரின் உரை எல்லாம் ஏற்பாடு. அதற்கு அடுத்து நடக்கும் சங்கக் கூட்டத்தில் காவலாளி வேலையை நிரந்தரமாக்குவது பற்றிப் பேசப்போவதாகச் செயலாளரே சூ அக்காவிடம் சொல்லியிருந்தார். "விழா நல்லா நடக்கட்டும்மா, அப்புறம் உங்க விஷயம்தான்."

கல்தச்சர் கிளம்பும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "திரைத்துணியை விழாவுக்கு முந்தின நாள் போட்டா போதும். அதுவரைக்கும் கல்லு காத்தாடக் காயட்டும்."

சூ அக்கா தலையை ஆட்டினாள். அவர் தெரு முனை திரும்பியிருக்க மாட்டார், ஒரு காக்காய் வந்து புதுக் கல்லின் உச்சியில் உட்கார்ந்தது. உட்கார்ந்ததோடு நிற்கவும் இல்லை. பயணி ஐயாவின் புது எழுத்தின்மேல், முதல் எழுத்திலேயே.

சூ அக்கா ஓடிவந்து துடைத்தாள். துடைத்த கையோடு திரைத்துணியைக் கொண்டுவந்து கல்லை மூடினாள். கெட்டிப் பச்சைத் துணி, கல்லைவிட நீளம் அதிகம். மிச்சத்தை வீணாகத் தொங்கவிடுவாளா? உச்சியில் ஒழுங்காக மடித்து, சாமான் கட்டிப் பழகிய கையால் கயிறு சுற்றி, மழை இறங்காமல் ஒரு பை போலக் கட்டி வைத்தாள். தள்ளி நின்று பார்த்தாள். "இப்ப வாங்கடா பார்க்கலாம்" என்று மரங்களைப் பார்த்துச் சொன்னாள்.

வந்தது ஒரு வாலாட்டிக் குருவி. வெள்ளையும் சாம்பலுமாக, தரையில் குடுகுடுவென்று ஓடி, நிற்கும்போதெல்லாம் வாலை ஆட்டுமே, அது. வாயில் எப்போதும் ஏதாவது நூலும் புல்லும். துணிமேல் உட்கார்ந்தால் உட்காரட்டும், கல் பத்திரம் என்று சூ அக்கா முதல்முறையாக ஒரு பறவையை விரட்டாமல் விட்டாள்.

விழாவுக்கு முந்தின வாரம் கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க ஏணி போட்டு ஏறினாள். அவள் கட்டிய பைக்குள், மழை படாத மடிப்பில், கிண்ணம் போல ஒரு கூடு. காய்ந்த வேர், பாசி, கூடவே அவளுடைய தரை துடைக்கும் மாப்பின் வெள்ளை நூல்கள். பத்தாததற்கு டிரைவரின் நீல ஸ்வெட்டரிலிருந்து உருவிய கம்பளி. அதன்மேல் குருவி உட்கார்ந்திருந்தது.

"சூ" என்றாள்.

குருவி ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தது. அசையவில்லை.

"சூ. உன்னைத்தான்."

ம்ஹூம். இந்தத் தோட்டத்தில் அவள் சொல்லுக்கு மசியாத முதல் உயிர் அது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வது இறகுக்கு மேலேயே தெரிந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. சற்று நகர்ந்து உட்கார்ந்தபோது அடியில் சாம்பல் புள்ளி போட்ட முட்டைகள் தெரிந்தன. சூ அக்கா சத்தமில்லாமல் ஏணியிலிருந்து இறங்கி, அதே ஏணிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அம்மாள் வந்து திரையை ஓர் இழுப்பு இழுத்தால் கூடு, முட்டை எல்லாம் அவர் தலையில்தான்.

அன்று இரவுச் சாப்பாட்டில் யாருக்கும் கை போகவில்லை. போகவில்லை என்பது அவளுக்கு மட்டும். டிரைவர் நன்றாகவே சாப்பிட்டார்.

"அண்ணி, அலுங்காம எடுத்து பக்கத்துல பல் டாக்டர் கல்லறையில வச்சிடலாமே. யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள் நாத்தனார்.

"நானும் அதைத்தான் நினைச்சேன்."

"நினைப்ப, நினைப்ப," என்றார் டிரைவர். "முன்னறிவிப்பு இல்லாம காலி பண்ணச் சொன்ன வீட்டுக்காரன்கிட்ட நீ என்ன ஆட்டம் ஆடின? தெருவே கூடிடுச்சு. இப்ப நீயே வீட்டுக்காரம்மா ஆயிட்டியா?"

"உங்களுக்கென்ன, பேசுவீங்க. கல்தச்சர் பேச்சைக் கேக்காம மூடினது நான். சங்கத்துல தெரிஞ்சா இந்த வேலையும் போச்சு, வீடும் போச்சு."

"என் ஸ்வெட்டரும் போச்சு. அதைப் பத்தி யாராவது பேசுறீங்களா?"

அவள் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பச்சைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் நாற்காலியிலிருந்த கண்ணாடி கண்ணில் பட்டது. பிறகு தட்டை நகர்த்திவிட்டு, "காலையில செயலாளர்கிட்டப் போய்ச் சொல்லிடுறேன். விரட்ட விரட்ட அது போகலீங்க. நான் என்ன பண்ணட்டும்?" என்றாள்.

செயலாளர் வீட்டுக்குப் போனபோது அவர் கண்ணாடி முன் நின்று உரையைப் பழகிக்கொண்டிருந்தார். "பேரன்பு கொண்ட பெரியோர்களே" என்பதை மூன்று விதமான குரலில் சொல்லிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"வாம்மா. காதுக்கு நல்லா இருந்துச்சா, எந்தக் குரல் எடுப்பா இருக்கு?"

"ரெண்டாவது சார். சார், கல்லறைமேல குருவி கூடு கட்டியிருக்கு."

"அடடே!" அவர் முகம் மலர்ந்தது. "எங்க?"

"திரைத்துணிக்குள்ள."

முகம் மலர்ந்தபடியே நின்றுவிட்டது. "திரைத்துணியா? அதை இன்னும் போடவே இல்லையேம்மா? யாரு போட்டது?"

"நான்தான் சார். காக்கா வந்துச்சு. பறவை அசிங்கம் பண்ணக் கூடாதுன்னு அன்னைக்கே மூடிட்டேன்."

செயலாளர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "அதாவது, பறவைக்காகவே வாழ்ந்த ஒரு மனுஷனோட கல்லறையில, பறவை வரக் கூடாதுன்னு நீங்க துணி போட்டீங்க. அந்தத் துணிக்குள்ளயே பறவை வந்துடுச்சு."

"ஆமா சார்."

அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று சூ அக்கா பதறிப்போனாள். சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கூட்டைத் தொடக் கூடாது. இடம் மாத்தினா குருவி விட்டுட்டுப் போயிடும். அவர் கல்லறையில கூட்டைக் கலைச்சிட்டு அவருக்கே விழா எடுத்தா அதைவிடக் கேவலம் இல்ல," என்றார். அந்தப் பேச்சு முடிவதற்குள் அவருக்கு வேறொன்று உறைத்தது. "ஐயோ. பேண்டு வாத்தியம்."

"ரொம்பச் சத்தம் சார்."

"வேணாம்னு சொல்லிடுறேன். பசங்க பாவம்." ஒரு பெருமூச்சு. "கைதட்டக் கூடாது. ஐயோ, மைக்!"

செயலாளர் கையிலிருந்த உரையைப் பார்த்தார். கத்தை கனமாக இருந்தது. "மைக் இல்லாம இதை எப்படி...?" என்று ஆரம்பித்தவர் மெதுவாக அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தன் வேலையைப் பற்றிக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அவரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வாசல்வரை வந்து, "திரையை இழுக்காம எப்படித் திறக்கிறதுன்னு யோசிங்க. நானும் யோசிக்கிறேன்," என்று மட்டும் சொன்னார்.

வழி கண்டுபிடித்தது நாத்தனார். "மூட்டை தைக்கிற தையல் தெரியுமா அண்ணி? ஒத்தை நூலை இழுத்தா மொத்தமும் சரசரன்னு கழண்டு வருமே. மேல கூடு இருக்கிற பாகம் அப்படியே தொப்பி மாதிரி இருக்கட்டும். அதுக்குக் கீழ துணியை வெட்டி, அந்தத் தையல் போட்டு ஒட்ட வச்சிடுறேன். அந்த அம்மா வந்து நூலை இழுத்தா முன்பக்கம் மட்டும் விழும்."

குருவி இரை தேடப் பறக்கும் நேரமெல்லாம் அவள் ஏணியில் ஏறித் தைத்தாள். திரும்பி வந்தால் இறங்கினாள். சூ அக்கா கீழே காவல் நின்று, "வருது, வருது, இறங்கு!" என்று கிசுகிசுத்தாள். ஏறி இறங்கியே நாத்தனாருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. "கல்யாணச் சட்டைகூட இவ்ளோ பாடு படுத்தலை. இந்தக் குருவி அளவு குடுத்துட்டு அலைக்கழிக்கிற வாடிக்கைக்காரி மாதிரி இருக்கு," என்று புலம்பினாள்.

விழா நாளில் அப்படி ஒரு கூட்டத்தை யாரும் பார்த்திருக்க முடியாது. நல்ல உடுப்பு உடுத்தி வந்தவர்கள் எல்லாம் திருடர்கள் போலப் பூனைநடை நடந்தார்கள். தும்மல் வந்தவர்கள் கேட்டுக்கு வெளியே ஓடினார்கள். டிரைவர் தன் பஸ் வரும்போது ஹாரன் அடிக்காமல் தெருவைத் தாண்டினார். அது அவர் வாழ்க்கையிலேயே முதல்முறை என்று சக ஓட்டுநர்கள் சொன்னார்கள்.

கொள்ளுப்பேத்தி அம்மாள் கைத்தடியோடு வந்தார். செயலாளர் அவர் காதில் விஷயத்தைச் சொன்னார். அம்மாள் தலையைத் தூக்கித் துணித் தொப்பியைப் பார்த்தார். மடிப்பிலிருந்து ஒரு வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நீட்டிக் கொடுத்த நூலை வாங்கி இழுத்தார்.

நூல் வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். தையல் இறுகிக்கொண்டது. துணியின் மேல்பாகம் லேசாக ஆடியது. கூட்டமே மூச்சைப் பிடித்தது. சூ அக்காவின் கை தன்னையறியாமல் பக்கத்திலிருந்த செயலாளரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டது.

"அந்த முனை இல்ல!" என்று நாத்தனார் கிசுகிசுத்தாள். "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்! அதை இழுத்தா முடிச்சு விழும்!" நொண்டிக்கொண்டே போய் மறுமுனையை எடுத்து அம்மாள் கையில் கொடுத்தாள்.

இந்த முறை சரசரவென்று வந்தது. பச்சைத் துணி தரையில் மெத்தென்று சரிந்தது. பயணி ஐயாவின் பெயர் வெயிலில் பளிச்சென்று நின்றது. கைதட்டல் கிடையாது. எல்லோரும் கையைத் தூக்கி விரல்களை ஆட்டினார்கள்.

அப்போதுதான் குருவி எழுந்து தொப்பியின் விளிம்பில் வந்து நின்றது. வாலை மேலும் கீழும் ஆட்டியது. பிறகு, அத்தனை பேர் பார்க்க, பயணி ஐயாவின் பெயரின்மேல், முதல் எழுத்திலேயே, வெள்ளையாக ஒரு சொட்டு.

கூட்டம் மொத்தமும் சூ அக்காவைத் திரும்பிப் பார்த்தது. அவள் வாய் குவிந்தது. குவிந்தது குவிந்தபடியே இருந்தது, சத்தம் வரவில்லை. அம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு கைத்தடியில் சாய்ந்து குலுங்கினார். அப்புறம் தன் மொழியில் ரொம்ப நேரம் என்னவோ சொன்னார். செயலாளர் பொறுமையாகக் கேட்டு முடித்துத் திரும்பி, "நல்லா இருக்குன்னு சொல்றாங்க," என்றார்.

"அவ்ளோ நீளமாச் சொன்னாங்களே சார்?"

"மிச்சத்துல எல்லாம் குருவி பேரு, அதோட பூர்வீகம். அவங்களும் கொள்ளுத்தாத்தா மாதிரிதான்."

அம்மாள் சூ அக்காவைக் கைகாட்டி ஏதோ கேட்டார். செயலாளர் இரண்டே வார்த்தையில் பதில் சொன்னார். அம்மாள் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். சூ அக்கா சிரித்தாளே தவிர, அவள் நினைப்பெல்லாம் அந்த இரண்டு வார்த்தையிலேயே இருந்தது. அம்மாள் நகர்ந்ததும் செயலாளர் பக்கத்தில் போனாள்.

"சார், தற்காலிகத்துக்கு அவங்க பாஷையில என்ன சொல்லுவாங்க?"

"எதுக்கும்மா?"

"இப்ப அதைச் சொன்னீங்களான்னு தெரிஞ்சுக்கணும்."

செயலாளருக்குப் புரிந்தது. "சொல்லலை," என்றார். "நேத்தே கூட்டம் போட்டுப் பேசி முடிச்சாச்சு. துணி போட்டதுக்குத் திட்டணும்னு ஒருத்தர் சொன்னாரு. அவங்களே வந்து சொல்லியிருக்காங்களே, கூட்டையும் கலைக்கலையேன்னு இன்னொருத்தர் கேட்டாரு. அதோட சரி, இனி நீங்க நிரந்தரம். விழா முடிஞ்சு சொல்லலாம்னு இருந்தேன்." பிறகு சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டு கொஞ்சம் தயங்கினார். "ஆனா ஒரு நிபந்தனை இருக்கு. சாயங்காலம் உங்க வீட்டுக்கு வர்றேன். என் உரையை யாராவது உட்கார்ந்து கேக்கணும்."

கேட்டார்கள். சன்னக் குரலில், இரண்டாவது விதமாகவே, ஒரு பக்கம் விடாமல் வாசித்தார். நாத்தனார் காலை நீட்டி எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டாள். டிரைவர் முதல் பக்கத்திலேயே தூங்கிப்போனார். சூ அக்கா மட்டும் கடைசிவரை கண் கொட்டாமல் கேட்டுவிட்டு, "இன்னொரு தடவை 'பேரன்பு'ன்னு சொல்லுங்க சார், நல்லா இருந்துச்சு," என்றாள். செயலாளர் சின்னப் பிள்ளை மாதிரி வெட்கப்பட்டார்.

அவர் போனதும் டிரைவர் விழித்துக்கொண்டு விஷயத்தைக் கேட்டார். அடுத்த நொடி கட்டிலுக்கு அடியிலிருந்து சுத்தியலையும், எத்தனையோ வீடு மாறியும் தொலைக்காமல் வைத்திருந்த ஆணி டப்பாவையும் இழுத்தார். கண்ணாடியைத் தன் முகத்துக்கு நேராகச் சுவரில் வைத்துப் பார்த்து, ஆணியை ஊன்றி, சுத்தியலை ஓங்கினார்.

"நில்லுங்க!" என்றாள் சூ அக்கா.

"இன்னும் என்னம்மா? நிரந்தரம்தானே?"

அவள் ஜன்னலைக் காட்டினாள். எதிரே துணித் தொப்பிக்குள் வால் அடங்கியிருந்தது.

"அடைகாக்குதுங்க. சுவர்ல இடிச்சா அங்க கேக்கும். குஞ்சு பறக்கட்டும், அப்புறம் அடிச்சுக்கலாம்."

டிரைவர் சுத்தியலைக் கீழே வைத்தார். கண்ணாடியைத் திரும்ப நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, குனிந்து அதில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார்.

"என் ஸ்வெட்டரைப் பிரிச்சு வீடு கட்டினவங்களுக்காக என் இடுப்பையும் குடுக்கணுமா?"

"மெதுவாப் பேசுங்க," என்றாள் சூ அக்கா. ஆணியை மட்டும் டப்பாவில் போடவில்லை. சுவரில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு, ஆணியைத் தன் முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள்.